இடுப்புக்குப் பின்னால் ஒரு பெட்டி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில், பங்குனி மாதத்துக் காலை நேரத்தில், அநேகமாக எல்லாருடைய இடுப்பிலும் ஏதாவது ஓர் இரும்பு இருக்கிறது. சைக்கிளில் போகிறவர் துண்டுக்குள் அரிவாளைச் சொருகியிருக்கிறார். மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர் டார்ச் லைட்டோடு சேர்த்து ஒரு வெட்டுக்கத்தியையும் கட்டியிருக்கிறார். புல்லறுக்கப் போகும் பெண்கள் பன்னருவாளைச் சாக்குக்குள் சுருட்டி இடுக்கியிருக்கிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது வேலைக்குப் போகும் சாலை.

இடுப்பில் ஒரு கருவியை நாள் முழுக்கச் சுமப்பவருக்கு எப்படிப்பட்ட உறை வசதியாக இருக்கும் என்ற கேள்வியோடுதான் நான் இங்கே வந்தேன். கைத்துப்பாக்கிக்கான உறைகளைப் பற்றி வெளிநாடுகளில் எழுதிக் குவிக்கிறார்கள். இடுப்பில் எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு சாய்ப்பது, சட்டைக்கு வெளியே தெரியாமல் எப்படி மறைப்பது என்று பக்கம் பக்கமாக விவாதம் நடக்கிறது. நம் ஊரில் துப்பாக்கி அபூர்வம். ஆனால் கூரான இரும்பை உடம்போடு ஒட்டவைத்து, குனிந்து, நிமிர்ந்து, மரமேறி, மாலையில் காயமில்லாமல் வீடு திரும்புகிறவர்கள் இந்த மலையடிவாரத்தில் ஏராளம். அதனால் கடைக்காரரைவிடச் சுமக்கிறவரைக் கேட்பதே சரி என்று பட்டது.

செண்பகத்தோப்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு தரையைத் தொடுகிற இடம். மேலே காட்டழகர் கோயில் இருக்கிறது. சுற்றியுள்ள காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. காட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க மா, தென்னை. ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் விளைகிற மண் இது. சமவெளிக்கு இறங்கினால் வயல் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் பனை. பங்குனி என்பதால் பதநீர் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் பனைமரத்தடிக்குப் போனேன்.

பெரியவர் அப்போதுதான் ஒரு மரத்திலிருந்து இறங்கினார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மார்பில் மரம் உரசாமல் இருக்க ஒரு தோல், காலில் தளைநார், இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு. அந்தக் கயிற்றில், முதுகுப் பக்கம், அருவாப் பெட்டி. காய்ந்த பாளை மடலை ஊறவைத்து வளைத்து நாரால் தைத்தது. உடம்பைத் தொடுகிற பக்கம் தட்டை, வெளிப்பக்கம் மட்டும் உப்பல். அடி மூடியிருக்கிறது, வாய் அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு அரிவாள்கள்: பாளை சீவ ஒன்று, மட்டை கழிக்க ஒன்று. பாளையைப் பிடித்து நசுக்கும் கடிப்பும் அதிலேயே இருந்தது. கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு தனியாக ஒரு சிறு டப்பாவில்.

“பின்னாடி ஏன் கட்டியிருக்கீங்கய்யா? எட்டி எடுக்கச் சிரமமா இருக்காதா?” என்று கேட்டேன்.

“முன்னாடி வச்சா மரம் கடிக்கும். பக்கத்துல வச்சா மட்டை கடிக்கும். முதுகுப் பக்கந்தான் தம்பி சும்மா கிடக்கு.”

ஹோல்ஸ்டர்களைப் பற்றி நான் படித்த எல்லாக் கட்டுரைகளையும்விட இந்தப் பதில் எனக்குத் தெளிவைத் தந்தது. உறையை எங்கே வைப்பது என்பதை வேலைதான் முடிவு செய்கிறது. பனையேறியின் மார்பும் வயிறும் மரத்தோடு இருக்கும். உச்சிக்குப் போனதும் இரு பக்கமும் கருக்கு மட்டைகள், ரம்பம் போன்ற ஓரங்களோடு. மட்டைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்துத்தான் பாளையிடம் போக வேண்டும். விலாவில் ஒரு பெட்டி துருத்திக்கொண்டிருந்தால் மட்டையில் மாட்டும், மாட்டினால் ஆள் நிலைகுலைவார். இடது கை மரத்தையோ மட்டையையோ பிடித்திருக்கும். வலது கை மட்டுமே சும்மா. அந்தக் கை பின்னால் போனால் பிடி தட்டுப்பட வேண்டும், பார்க்காமலே எடுக்க வேண்டும், சீவி முடித்ததும் பார்க்காமலே திரும்ப வைக்க வேண்டும். வாய் அகலமாக இருப்பது இதற்காகத்தான். எடுப்பதைவிடத் திரும்ப வைக்கும்போதுதான் ஆபத்து அதிகம் என்றார் பெரியவர். இறுக்கமான வாயில் கத்தியின் நுனியைக் கண்ணை மூடிக்கொண்டு நுழைப்பவர் தன் இடுப்பில்தான் நுழைப்பார்.

கட்டிப் பார்க்கிறேன் என்றதும் அவர் தயங்கவில்லை. அரிவாள்களை வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு வெறும் பெட்டியை என் இடுப்பில் கட்டினார். கயிற்றை வயிற்றின் மென்மையான பகுதியில் கட்டாமல், இடுப்பெலும்பின் மேட்டுக்குச் சற்று மேலே ஓட்டினார். பெட்டி நடு முதுகில் இல்லை. முதுகெலும்பிலிருந்து நாலு விரல் வலப்பக்கம் தள்ளி, பிட்டத்துக்கு மேலே உள்ள குழிவில் உட்கார்ந்தது. தட்டையான உள்பக்கம் அந்தக் குழிவோடு ஒட்டியது. நடு முதுகில் ஏன் கூடாது என்று அவர் சொல்லாமலே புரிந்தது. மல்லாக்க விழுந்தால் கெட்டியான ஒன்று முதுகெலும்பில் குத்தும். துப்பாக்கி சுமக்கும் காவலர்களுக்கும் நடு முதுகில் உறை வேண்டாம் என்றுதான் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள்.

பிறகு அரிவாள்களை வைத்து மறுபடி கட்டினார். நடக்கச் சொன்னார். குனியச் சொன்னார். குந்தி உட்கார்ந்தபோது பெட்டியின் அடி தொடையில் இடிக்கவில்லை, ஏனென்றால் உயரம் ஒரு சாண்தான். பிடிகள் வலப்பக்கம் சாய்ந்து நின்றன. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் கை பின்னால் போகும்போது மணிக்கட்டு மடங்கும். எடை இருந்தது, ஆனால் ஒரு புள்ளியில் இல்லை. கயிறு முழுக்கப் பரவி இருந்தது. கொஞ்சத் தூரம் நடந்ததும் அது இருப்பதே மறந்துவிட்டது. வசதி என்பதற்கு நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் இதுதான். மெத்தென்று இருப்பது இரண்டாம்பட்சம். வைத்த இடத்தில் அசையாமல் இருந்தால் உடம்பு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். ஆடுகிற உறை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் நாள் முழுக்கத் தொந்தரவு.

அரிவாளின் கூர்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாளையை மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் ஊறும். மழுங்கிய அரிவாள் பாளையைக் கசக்கிவிடும், அந்தப் பாளை அப்புறம் உதவாது. அதனால் ஒரு மரப்பலகையில் கல்பொடியைத் தூவி, நாள்தோறும் தீட்டுகிறார். சவரக்கத்திக்குச் சமமான விளிம்பு அது. அப்படிப்பட்ட இரண்டு விளிம்புகளை முதுகில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்குகிறார். ஒரு பனை நன்றாக வளர்ந்தால் நூறடி வரைகூடப் போகும். இந்தத் தொழிலின் நுட்பத்துக்கு நாம் தரும் மரியாதை மிகக் குறைவு. மாநில மரம் என்று பனையைக் கொண்டாடுகிறோம். அதில் ஏறுகிறவரின் இடுப்பில் உள்ள பெட்டியை எந்த அருங்காட்சியகத்திலும் முன்னறையில் வைத்ததாக நான் பார்த்ததில்லை.

அங்கிருந்து மலைப்பக்கம் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. உரிமையாளர் ஓய்வு பெற்ற ராணுவத்தினர். உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி வைத்திருப்பவர். அவரைப் பார்க்க ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். துப்பாக்கி அன்று அவரிடம் இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்ததால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருந்தார். உறை மட்டும் இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பேடில் ஹோல்ஸ்டர்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இதில் இரண்டு பகுதிகள். வெளியே துப்பாக்கி உட்காரும் கூடு. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு, இடுப்பின் வளைவுக்கு ஏற்ப வளைந்த ஒரு தட்டு. அந்தத் தட்டைக் கால்சட்டைக்குள், இடுப்புப் பட்டைக்கு உள்புறமாகச் செருக வேண்டும். கூடு வெளியே நிற்கும். பெல்ட்டைக் கழற்றிக் கோக்க வேண்டியதில்லை. மாட்டுவதும் எடுப்பதும் நொடி வேலை. தட்டு அகலமாக இருப்பதால் எடை இடுப்பில் பரவுகிறது. தட்டின் கீழே சிறு கொக்கிகள் இருந்தன. துப்பாக்கியை உருவும்போது உறையும் கூடவே வந்துவிடாமல் பெல்ட்டைக் கவ்விக்கொள்வதற்கு. அருவாப் பெட்டியின் தட்டையான உள்பக்கம் செய்கிற அதே வேலையைத்தான் இந்தத் தட்டும் செய்கிறது.

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எனக்கு ஒத்து வரல” என்றார் அவர்.

காரணம் எளிது. அவர் தோப்பில் வேட்டிதான் கட்டுகிறார். வேட்டியில் தட்டைச் செருக எங்கே இடம்? மடிப்புக்குள் செருகினால் துப்பாக்கியின் எடைக்கு வேட்டியே அவிழ்ந்துவிடும். வேட்டிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டில் செருகிப் பார்த்திருக்கிறார். அதன் உள்பக்கம் வழுக்குகிறது, கொக்கி பிடிக்கவில்லை. டவுனுக்குப் போகும்போது பேண்ட் போட்டு மாட்டிக்கொண்டால் சரியாக இருக்கிறது. ஆனால் மோட்டார் சைக்கிளில் தோப்புப் பாதையின் குழிகளில் ஏறி இறங்கும்போது கூடு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வயிற்றுக்கு வந்துவிடுகிறது. பெல்ட் மெலிதாக இருந்தால் எந்த உறையும் நிற்காது என்பது அவருடைய முடிவு. உறைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியையாவது தடித்த பெல்ட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

மறைப்பதைப் பற்றிக் கேட்டேன். இந்த வகை உறையில் கூட்டுக்கும் உடம்புக்கும் நடுவே துணி, பெல்ட், தட்டு என்று எல்லாம் வந்துவிடுவதால், பெல்ட்டில் கோக்கும் உறையைவிட இது வெளியே துருத்தி நிற்கும். மாட்டுவதற்கு எளிது, மறைப்பதற்குக் கடினம். சட்டையை வெளியே விட்டு, ஒரு அளவு பெரியதாகப் போட்டால் ஓரளவு மறையும். இங்கே நம் சட்டம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோகிறவர் அதை உடம்போடு இணைந்த உறையிலோ அதுபோன்ற பையிலோ வைத்திருக்க வேண்டும். அது முழுக்க மூடப்பட்டிருக்க வேண்டும். அவருடைய கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். ஆக உரிமம் உள்ளவர் அதை அடுத்தவர் கண்ணில் படும்படி இடுப்பில் வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார முடியாது. எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. ஆயுதம் தெரிகிற இடத்தில் பேச்சின் தொனி மாறிவிடுகிறது.

வெறும் உறையை என் பெல்ட்டில் மாட்டிப் பார்த்தேன். இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், பனையேறி பெட்டியை வைத்த அதே குழிவில், வைத்தபோதுதான் உட்கார முடிந்தது. பக்கவாட்டில் நேராக வைத்தால் நாற்காலியின் கை இடித்தது. முன்னால் நகர்த்தினால் குனியும்போது விலாவில் ஏறியது. கொஞ்சம் முன்னோக்கிச் சாய்த்தால், துப்பாக்கி உள்ளே இருக்கும்போது பிடியின் முனை சட்டையைத் துருத்தாது என்றார். விசை இருக்கும் பகுதியைக் கூடு முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அது மூடாத எந்த உறையும், எவ்வளவு வசதியாக இருந்தாலும், வேண்டாம். கூட்டின் வாய் துப்பாக்கி வெளியே இருக்கும்போது சுருங்கிவிடக் கூடாது. மெல்லிய துணி உறைகள் சுருங்கிவிடும். அப்புறம் மறு கையால் பிரித்துப் பிடித்துத்தான் திரும்ப வைக்க முடியும். காலையில் பெரியவர் சொன்னதுதான், திரும்ப வைக்கும்போதுதான் ஆபத்து.

தோப்புக்கு வெளியே மாமரத்து நிழலில் புல்லறுத்த பெண்கள் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் உறை எதுவும் இல்லை. பன்னருவாளின் வளைந்த பல்வரிசையைப் பழைய சேலைத் துணியால் சுற்றி, புல்லுக்கட்டுக்குள் செருகி, கட்டைத் தலையில் தூக்குகிறார்கள்.

“இடுப்புல வச்சுக்கிட மாட்டீங்களாக்கா?”

“இடுப்புல புள்ளையை வைப்போம், குடத்தை வைப்போம். அருவாளையும் அங்கனயே வச்சா எப்படி?” என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அது அவர்களுக்கு வெறும் நடைமுறை.

அந்தப் பதில் என்னை நெடுநேரம் விடவில்லை. இடுப்பில் சுமக்கும் உறைகள் பெரும்பாலும் பெல்ட் போடும் ஆணின் உடம்பை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. சேலைக் கொசுவத்தில் எந்தத் தட்டும் நிற்காது. பெண்ணின் இடுப்பெலும்பு அகலம், வளைவு அதிகம். ஆணுக்கென்று செய்த நேரான உறையை அதில் மாட்டினால் பிடியின் முனை விலாவில் குத்தும். 2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற பெயரில் பெண்களுக்கென்று 500 கிராம் எடையில் ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டது. விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. நகைப் பெட்டி போன்ற ஒன்றில் வைத்து விற்றார்கள். ஆயுதத்தின் எடையைப் பற்றி யோசித்த அளவுக்கு, சேலையோ சுடிதாரோ உடுத்திய உடம்பில் அது எங்கே உட்காரும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. கைப்பையில்தான் போடுவார்கள். கைப்பை பறிபோனால் துப்பாக்கியும் பறிபோகும். இந்த மாமரத்தடியில் இருக்கும் பெண்களுக்குத் துப்பாக்கி வேண்டாம். பன்னருவாளுக்குத் தோளில் தொங்கும் ஓர் உறை கிடைத்தால் போதும். அதைக்கூட யாரும் இன்னும் செய்து கொடுக்கவில்லை.

தேங்காய் வெட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் தொரட்டியில் வேலையை முடிக்கிறார்கள். மரமேறுகிற ஒரு சிலர் வெட்டரிவாளைப் பின்பக்கக் கயிற்றில், உறையே இல்லாமல், விளிம்பு வெளியே பார்க்கச் செருகியிருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

முதுகுப் பக்கம் உறை இல்லாமல் கத்தியை வைப்பதற்கு ஒழுங்கான முறை ஒன்று குடகில் உண்டு. கொடவர்கள் தங்கள் ஒடிக்கத்தியை முதுகில், ‘தோடங்’ என்ற பித்தளைக் கொண்டியில் மாட்டுகிறார்கள். அகன்ற வளைந்த அலகு அந்தக் கொண்டியில் பிடித்து நிற்கும். இடுப்பின் முன்புறம் உறையோடு கூடிய சிறிய பீச்சேகத்தி. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் அவர்கள் அவற்றை மறைப்பதில்லை. திருமணத்திலும் திருவிழாவிலும் எல்லாரும் பார்க்கும்படி அணிகிறார்கள். நம் சினிமாவில் சட்டைக் காலருக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவுகிறார்களே, அதை இந்தச் சாலையில் ஒருவரும் செய்வதில்லை. உறையில்லாத அரிவாளை முதுகில் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஒருமுறை குனிந்தால் போதும், முதல் வெட்டு சுமந்தவருக்குத்தான். வெட்டவே வைத்திருக்கிற ஆளின் கற்பனை அது. வேலை செய்கிறவர் விளிம்பை மறைப்பார், கருவியை மறைக்க மாட்டார். சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்பு. தேன், குங்கிலியம், நன்னாரி, காட்டுக் கிழங்கு என்று காட்டோடு வாழ்ந்தவர்கள். ஒரு நடுத்தர வயதுக்காரர் தன் கத்தியைக் காட்டினார். அலகு கையகலம்தான், பிடி தேய்ந்து வழவழவென்றிருந்தது. இடுப்பில் இரண்டு சுற்றுத் துணி கட்டி, இரண்டு சுற்றுக்கும் நடுவே, இடது இடுப்பில் அதைச் செருகியிருந்தார். விளிம்பின் மேல் இரண்டாகப் பிளந்த மூங்கில் பத்தை ஒன்றை நாரால் கட்டியிருந்தார். பாறையில் தேனெடுக்கக் கொடியில் இறங்கும்போது கத்தி கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிடியில் இருந்த துளையைக் காட்டினார். அதில் கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வாராம். அந்த உயரத்தில் உறையை நம்புவதில்லை.

1960களில் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்த பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சண்டையை அறவே ஒதுக்குகிற சமூகமாக இவர்களைப் பதிவு செய்தார். தகராறு மூண்டால் எதிர்த்து நிற்பதைவிட, விலகி வேறு இடம் போய்விடுவது இவர்கள் வழக்கம் என்று எழுதினார். நாளெல்லாம் கத்தியோடு வாழ்கிற மனிதர்கள் இவர்கள். இடுப்பில் ஓர் ஆயுதம் இருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இந்தக் குடியிருப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போக வேண்டும்.

அதற்கு மேல் வனத்துறைச் சோதனைச் சாவடி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 31ஆம் பிரிவில், தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டுமில்லை. கத்தி, வலை, கண்ணி, விஷம், கொக்கி எல்லாம் அடங்கும். ஊருக்குள் விவசாயக் கருவி என்று விலக்குப் பெற்றது, இந்தச் சாவடிக் கம்பைத் தாண்டினால் ஆயுதமாகிவிடுகிறது. சாவடியில் இருந்த காவலரின் இடுப்பைக் கவனித்தேன். வாக்கி டாக்கி, டார்ச், தண்ணீர்ப் பாட்டில். மூன்றும் ஒரே பக்கம் தொங்கி, பெல்ட்டை இழுத்திருந்தன.

“சாயங்காலம் ஆனா இந்தப் பக்க இடுப்பு விட்டுப்போகும் சார்” என்று சொல்லி வலது இடுப்பைத் தட்டிக் காட்டினார். யானையும் கரடியும் நடமாடும் காட்டில் நாள்தோறும் ரோந்து போகிறவருக்கு, எடையை இரண்டு பக்கமும் பிரித்துத் தொங்கவிடும் ஒரு பெல்ட்டாவது தர வேண்டும். தோளிலிருந்து வாரை இறக்கிப் பெல்ட்டைத் தாங்கவைத்தால் இன்னும் நல்லது. பெரிய செலவு இல்லை.

மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி, கடைத்தெருவில் ஒரு தோல் தைக்கும் தொழிலாளியிடம் உட்கார்ந்தேன். பார்த்ததையெல்லாம் சொல்லி, சிறு அரிவாள் ஒன்றுக்கு முதுகுப் பக்கம் உட்காரும் உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். தாளில் வரைந்து காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே தோலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

செருப்புக்கு வரும் மெல்லிய தோல் உதவாது, எருமைத் தோல் வேண்டும். அதிலும் குரோம் ரசாயனத்தில் பதனிட்டது வேண்டாம், இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்டது நல்லது. திண்டுக்கல் பக்கத்துத் தோல் கிடைத்தால் சொல்கிறேன் என்றார். தோலைத் தண்ணீரில் நனைத்து, அரிவாளைப் பாலிதீனில் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி நிழலில் காயவிட்டால், அரிவாளின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் கருவி விழாமல் காக்கும், மேலே பொத்தான் தேவைப்படாது. வெட்டு விளிம்பு வருகிற ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு தையல் நூலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ராத்திரியில் அரிவாளை உறையிலேயே விட்டு வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்துவைக்கும்.

உடம்பைத் தொடும் பக்கத்துக்கு அகலமான பின்பட்டை ஒன்று வைக்கச் சொன்னேன். உள்ளங்கை அகலம் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். ஓரங்களை மழுக்கித் தேய்த்துவிடச் சொன்னேன், இல்லாவிட்டால் குனியும்போது தோலின் விளிம்பே இடுப்பை அறுக்கும். வாயின் அகலத்தை விரல்களால் காட்டினேன். அவர் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, வாய் ஓரத்தை மடித்துத் தைத்தால் சுருங்காது என்றார். அது நான் யோசிக்காத யோசனை, நல்ல யோசனை.

கடைசியில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: “வேட்டிக்கா, பேண்டுக்கா? அதைச் சொல்லாம நான் எங்க சார் ஓட்டை போடுறது?”

தென்னந்தோப்புக்காரரின் அரிவாளுக்காகத்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன். வேட்டிக்கு என்றேன். அப்படியானால் அந்தப் பச்சை பெல்ட்டையும் அரிவாளையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுங்கள், இரண்டும் கையில் இல்லாமல் அளவெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.